வீட்டுக்குப் பின்னால் முளைத்திருக்கும் ஓக் கன்றுகள்: எது எந்த ஓக் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மழைக்குருவி | மத்திய நியூஜெர்சி | அக்டோபர் 21

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய ஓக் மரம் இருந்தது. இரண்டு பேர் கைகோத்தால்தான் கட்டிப்பிடிக்க முடியும். ஜூலை மாதப் புயலில் விழுந்துவிட்டது. வேரோடு சாய்ந்ததால் மறுநாளே ஆட்கள் வந்து அறுத்து எடுத்துப் போய்விட்டார்கள், அடிக்கட்டையையும் அரைத்து மூடிவிட்டார்கள். நான்கு வருடமாக அந்த மரத்தின் இலையை வாரிக்கொண்டிருந்தேன். ஆனால் இலை எப்படி இருந்தது என்று இன்று யாராவது கேட்டால் என்னால் சொல்ல முடியவில்லை. அது உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

அப்பா ஏப்ரலில் மன்னார்குடியிலிருந்து வந்து ஆறு மாதம் எங்களோடு இருந்தார். மரம் விழுவதற்கு முன்பே புல்லுக்குள் சின்னச் சின்ன கன்றுகளைக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு குச்சி நட்டு, அம்மாவின் பழைய புடவைக் கிழிசலைக் கட்டிவிட்டார். மொத்தம் ஆறு. இப்போது ஊருக்குத் திரும்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் முதல் கேள்வியே "குச்சி எல்லாம் நிக்குதா?" என்பதுதான்.

இந்த வாரம் எல்லாம் நிறம் மாறிவிட்டது. நான் பார்த்ததை எழுதுகிறேன்:

1. ஒரு சாண் உயரம். இலை விளிம்பு வளைந்து வளைந்து, முனை உருண்டையாக இருக்கிறது. நிறம் நாவல்பழத்தைக் கடித்தால் நாக்கில் வருமே, அந்த மாதிரி ஊதா கலந்த சிவப்பு.
2, 3. இரண்டும் ஒரே மாதிரி. முனை கூர்மை. 2 செங்கல் சிவப்பு, 3 பழுப்பு. 2-இன் இலையில் ஒரு சின்ன உருண்டை ஒட்டிக்கொண்டிருக்கிறது.
4. வேலி ஓரம். விரல் அகல நீள இலை, விளிம்பில் வெட்டே இல்லை. மஞ்சள்.
5. விளிம்பு லேசாக அலை போல. அடிப்பக்கம் வெள்ளை. மஞ்சளும் பழுப்புமாக இருக்கிறது.
6. எல்லாவற்றிலும் அழகு. பளபளவென்று குங்குமச் சிவப்பு. அப்பாவுக்கு இதுதான் பிடித்தது.

விழுந்த மரத்தின் பிள்ளை இதில் எது? அதை மட்டும் தெரிந்துகொண்டால் போதும்.

கொட்டாம்பட்டியான் | ஓஹையோ | அக்டோபர் 21

நன்றாகப் பார்த்து எழுதியிருக்கிறீர்கள். எங்கள் ஊர்ப் பூங்காவில் சனிக்கிழமைகளில் மரக்கன்று கணக்கெடுக்கப் போகிறவன் நான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

எந்த ஓக் என்பதற்கு முன்னால், ஓக்தானா என்று பாருங்கள். அதற்கு இலையை விட்டுவிட்டு அடிமண்ணைப் பார்க்க வேண்டும். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் விரலால் மெதுவாக மண்ணை விலக்குங்கள். ஓக் கொட்டை, அதாவது ஏகார்ன், மண்ணுக்குள்ளேயே இருந்துகொண்டுதான் முளைவிடும். அவரையில் பருப்பு இரண்டாகப் பிளந்து மேலே வருமே, அப்படி வராது. அதனால் முதல் வருடக் கன்றில் கொட்டையோ அதன் ஓடோ அநேகமாக வேர்க்கழுத்தில் ஒட்டிக்கொண்டே இருக்கும். அது கிடைத்தால் சந்தேகமே வேண்டாம்.

அடுத்தது, தண்டின் உச்சி. ஓக் என்றால் நுனியில் ஒரு மொட்டு தனியாக நிற்காது. மூன்று நான்கு மொட்டுகள் கொத்தாக இருக்கும். இலைகள் எதிரெதிராக இல்லாமல் மாறி மாறி இருக்கும். எதிரெதிர் ஜோடியாக இருந்தால் அது பெரும்பாலும் மேப்பிள்.

சரி, ஓக் என்று உறுதியானதும் இலைக்கு வரலாம். இலை விளிம்பு விரல் விரலாகப் பிரிந்திருக்கிறதே, அந்த விரலின் நுனியைப் பாருங்கள். நுனி உருண்டை, வெறும் வளைவு என்றால் வெள்ளை ஓக் கூட்டம். நுனி கூர்ந்து, அதிலிருந்து பூனை மீசை மாதிரி ஒரு மெல்லிய முடி நீட்டிக்கொண்டிருந்தால் சிவப்பு ஓக் கூட்டம். இந்த ஒரு வித்தியாசம் ஒரு சாண் கன்றிலும் தெரியும், நூறு அடி மரத்திலும் தெரியும். நான் நம்புவது இதைத்தான்.

உங்கள் 1 வெள்ளைக் கூட்டம். 2, 3 சிவப்புக் கூட்டம். 4 வில்லோ ஓக்காக இருக்கலாம். பார்த்தால் ஓக் மாதிரியே இருக்காது, ஆனால் இலை நுனியில் ஒற்றை முடி இருக்கும், பாருங்கள். அதுவும் சிவப்புக் கூட்டத்துப் பிள்ளைதான். 5 சதுப்பு வெள்ளை ஓக் என்று நினைக்கிறேன். அடிப்பக்கத்தைத் தடவினால் வெல்வெட் மாதிரி இருக்கிறதா?

6 எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு காம்பில் எத்தனை இலை?

மழைக்குருவி | அக்டோபர் 22

5 வெல்வெட் மாதிரிதான் இருக்கிறது! 4-இன் நுனியில் ஒரு முடியும் இருக்கிறது. 6-இல் ஒரு காம்புக்கு மூன்று இலை. நடு இலைக்கு மட்டும் காம்பு நீளம். மண்ணை விலக்கிப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.

நிலாச்சோறு | மிச்சிகன் | அக்டோபர் 22

தங்கச்சி, 6-ஐத் தொடாதீங்க! அது பாய்சன் ஐவி.

மூன்று மூன்றாக இலை, நடு இலைக்கு நீளக் காம்பு, இலையுதிர் காலத்தில் எல்லாச் செடிகளையும் முந்திக்கொண்டு வரும் சிவப்பு, எல்லாம் அதற்குப் பொருந்துகிறது. அதன் பாலில் உருஷியால் என்ற எண்ணெய் இருக்கிறது. தோலில் பட்டால் ஒன்றிரண்டு நாளில் கொப்புளம் கிளம்பும். நம் ஊரில் வண்ணார் துணிக்குக் குறி போடும் சேங்கொட்டை தெரியுமா? அதே குடும்பம், அதே மாதிரி புண். மாமரமும் அந்தக் குடும்பம்தான். மாங்காய்ப் பால் பட்டு உதடு வெந்துபோகிறவர்களுக்கு இது இன்னும் சீக்கிரம் பிடிக்கும்.

இலை கொட்டிய பிறகும் வெறும் தண்டில் அந்த எண்ணெய் இருக்கும். கனமான கையுறை, முழுக்கை சட்டை போட்டுக்கொண்டு வேரோடு எடுத்துப் பைக்குள் கட்டிக் குப்பையில் போடுங்கள். எரிக்கவே கூடாது, அந்தப் புகை நுரையீரலுக்குள் போனால் ஆபத்து. அப்பா அந்தக் குச்சியைக் கட்டும்போது அவருக்கு ஒன்றும் ஆகவில்லையே?

மழைக்குருவி | அக்டோபர் 22

ஐயோ, ஜூன் மாதம் அப்பாவுக்கு முழங்கையில் கொப்புளம் வந்தது! பூச்சிக்கடி என்று நினைத்து களிம்பு வாங்கிக் கொடுத்தோம். ரொம்ப நன்றி அக்கா. குழந்தைகளை அந்தப் பக்கம் விடமாட்டேன்.

வால்பாறைத்தம்பி | கோவை | அக்டோபர் 23

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்கள் எஸ்டேட்டில் தேயிலைக்கு நடுவே நிழலுக்கு நிற்பதும் ஓக் என்றுதான் சொல்வார்கள். அதன் இலை நீங்கள் சொல்கிற எதிலும் சேரவில்லையே? சீரக இலை மாதிரி கிழிந்து கிழிந்து இருக்கும், அடியில் வெள்ளி நிறம்.

கொட்டாம்பட்டியான் | அக்டோபர் 23

தம்பி, அது சில்வர் ஓக். பெயரில்தான் ஓக். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம், குடும்பமே வேறு, ஏகார்ன் காய்க்காது. உண்மையான ஓக் நம் நாட்டில் இமயமலையிலும் வடகிழக்கிலும் இயற்கையாக வளர்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் கிடையாது. தமிழில் கருவாலி என்று அகராதியில் பெயர் இருக்கிறது.

மழைக்குருவி, நிறத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் பட்டியலிலேயே பாருங்கள், எல்லாவற்றிலும் சிவப்பாக இருந்தது ஓக்கே இல்லை. கன்றை அடையாளம் காண நிறத்தை நம்பி இறங்கினால் இப்படித்தான் ஆகும்.

மஞ்சள் நிறம் இலைக்குள் முன்பே இருப்பது. பச்சையம் சிதைந்து போனதும் வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படி இல்லை. அது இலையுதிர் காலத்தில் புதிதாக உண்டாவது. இலையில் தேங்கிய சர்க்கரையிலிருந்து வருகிறது. பகலில் நல்ல வெயில், இரவில் உறைபனி இல்லாத குளிர் இருந்தால் சிவப்பு தூக்கும். நிழலில் நிற்கும் கன்றுக்கு அவ்வளவு சர்க்கரை ஏது? அதனால் ஒரே தாய்மரத்துக் கொட்டையில் வந்த இரண்டு கன்றுகளில் வெயிலில் நிற்பது சிவக்கும், வேலி நிழலில் நிற்பது பழுக்காமலே பழுப்பாகும். ஓக்கில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதிகம் என்பதால் கடைசியில் எல்லாம் பழுப்பில்தான் முடியும்.

பனங்கூடல் | டொரோண்டோ | அக்டோபர் 24

கொட்டாம்பட்டியான் அண்ணா சொன்னதை மதிக்கிறேன், ஆனால் நிறத்தை இவ்வளவு தூரம் ஒதுக்கிவிட ஏலாது என்று நினைக்கிறேன்.

நான் ஹை பார்க்குக்குப் பக்கத்தில் இருக்கிறேன். அங்கே கறுப்பு ஓக் புல்வெளிக் காடு ஒன்று இருக்கிறது. நகரத்துக்குள் இப்படி மிஞ்சியிருப்பது அபூர்வம். வசந்த காலத்தில் அளவாகத் தீ வைத்து அதைப் பராமரிக்கிறார்கள். தீயில் கன்றின் தலை கருகினாலும் வேர் சாகாது, கொஞ்ச நாளில் திரும்பத் துளிர்க்கும். பத்து வருடமாக ஒவ்வொரு அக்டோபரும் அங்கே நடக்கிறேன். தூரத்திலிருந்து பார்க்கும்போது எனக்கு முதலில் கைகொடுப்பது நிறம்தான். வெள்ளை ஓக்கின் அந்த வைன் நிறம் வேறு ஓக்கில் சுலபமாக வராது. பர் ஓக் மஞ்சளும் பழுப்புமாகவே நிற்கும், ஒருநாளும் சிவந்து நான் கண்டதில்லை. ஸ்கார்லட் ஓக்குக்குப் பெயரே அதன் நிறத்தால் வந்தது. ஆகவே மழைக்குருவி சொன்ன நாவல்பழ நிறம் சும்மா விடக்கூடிய சாட்சி இல்லை. உருண்டை விரலோடு அந்த நிறமும் சேர்ந்தால் நான் தயங்காமல் வெள்ளை ஓக் என்று சொல்வேன்.

இன்னொன்று. இளம் ஓக்குகள் காய்ந்த இலையை உதிர்க்காமல் குளிர்காலம் முழுக்கப் பிடித்து வைத்திருக்கும். இலைக்காம்பு கழன்று விழ வேண்டிய இடம் முழுதாக உருவாவதில்லை. பனிக்குள் பழுப்பு இலையோடு ஒரு சின்னச் செடி நின்றால் எட்டிப் பாருங்கோ, அது ஓக்காகவோ பீச் மரமாகவோ இருக்கும்.

கொட்டாம்பட்டியான் | அக்டோபர் 24

பனங்கூடல் சொல்வது நியாயம். நான் கொஞ்சம் அதிகமாகவே சொல்லிவிட்டேன். வளர்ந்த மரத்தில் நிறம் நல்ல சாட்சி. கன்றில், இலை வடிவம் முதலில் ஒரு பக்கம் சேர்த்த பிறகு கேட்க வேண்டிய சாட்சி.

இலை வடிவத்துக்கும் ஒரு எல்லை உண்டு. சிவப்புக் கூட்டத்துக்குள் வடக்குச் சிவப்பு ஓக், கறுப்பு ஓக், ஸ்கார்லட் ஓக், பின் ஓக் எல்லாவற்றையும் விரல்களுக்கு இடையே உள்ள பள்ளத்தின் ஆழத்தை வைத்துப் பிரிக்கச் சொல்வார்கள். சிவப்பு ஓக்கில் பள்ளம் நடுநரம்புக்குப் பாதி தூரம்கூடப் போகாது. பின் ஓக்கிலும் ஸ்கார்லட்டிலும் ஆழமாகக் குடைந்திருக்கும். பெரிய மரத்தில், அதுவும் வெயில் படும் உச்சிக் கிளையில் இது சரி. ஒரே மரத்தின் கீழ்க்கிளை நிழல் இலையில் பள்ளம் ஆழம் குறைந்து, இலை அகன்று போய்விடும். கன்று எப்போதும் நிழலில்தானே இருக்கிறது? முதல் வருட ஸ்கார்லட் கன்றின் இலை சிவப்பு ஓக் மாதிரியே இருந்து என்னை ஏமாற்றியிருக்கிறது. போதாததற்கு ஒரே கூட்டத்துக்குள் கலப்பும் நடக்கும். சிவப்புக் கூட்டமும் வெள்ளைக் கூட்டமும் மட்டும் ஒன்றோடொன்று கலப்பதில்லை.

அதனால் 2, 3-க்கு மொட்டைப் பாருங்கள். ஃபோன் கேமராவைப் பக்கத்தில் கொண்டுபோனால் போதும். வடக்குச் சிவப்பு ஓக் மொட்டு செம்பழுப்பு, ஏறக்குறைய மொழுமொழுவென்று இருக்கும். கறுப்பு ஓக் மொட்டு பட்டை பட்டையாக, சாம்பல் நிறப் பூனைமுடி போர்த்தி இருக்கும்.

மழைக்குருவி | அக்டோபர் 26

சனிக்கிழமை காலை முழுவதும் முழங்காலில்தான் இருந்தேன்.

1: மண்ணை விலக்கியதும் ஓடு கிடைத்தது! பாதி உளுத்த ஓடு, தண்டோடு ஒட்டியபடி. உள்பக்கம் வழவழப்பு. 2-இலும் ஓடு இருந்தது, ஆனால் உள்பக்கம் தூசி மாதிரி மெல்லிய முடி. 3-இல் ஒன்றும் இல்லை. மொட்டு: 2 செம்பழுப்பு, மொழுமொழு. 3 சாம்பல் மாதிரித் தெரிகிறது, ஆனால் கடுகைவிடச் சின்னது, உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அப்புறம் முக்கியமான விஷயம். டெக் படிக்கட்டுக்குக் கீழே போன வருடக் கொட்டைகளின் தொப்பிகள் நிறைய கிடைத்தன. அந்த மரத்துக்கு நேர் கீழே இருந்த இடம் அது. ஒரு கைப்பிடி எடுத்துப் பார்த்தேன். கிண்ணம் மாதிரி, வெளிப்பக்கம் சொரசொரவென்று பாகற்காய்த் தோல் போல இருக்கிறது.

கொட்டாம்பட்டியான் | அக்டோபர் 26

அது வெள்ளை ஓக் தொப்பி. வடக்குச் சிவப்பு ஓக் தொப்பி தட்டையாக, கொட்டையின் தலையில் ஒரு சின்னத் தட்டைக் கவிழ்த்தது மாதிரி இருக்கும். ஓட்டின் உள்பக்கமும் அதையே சொல்கிறது: வெள்ளைக் கூட்டம் வழவழப்பு, சிவப்புக் கூட்டத்தில் முடி. உங்கள் மரம் வெள்ளை ஓக். 1 அதன் பிள்ளைதான் என்று நான் சொல்வேன்.

அணிலையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளை ஓக் கொட்டை ஒரே வருடத்தில் முற்றி, செப்டம்பர், அக்டோபரில் விழுந்த கையோடு வேர் விட்டுவிடும். சேமித்து வைத்தால் அணிலுக்கு நஷ்டம். அதனால் பெரும்பாலும் விழுந்த இடத்திலேயே தின்றுவிடும், புதைத்தாலும் முளையைக் கடித்து எடுத்துவிட்டுப் புதைக்கும். சிவப்பு ஓக் கொட்டை முற்றவே இரண்டு பருவம், குளிர்காலம் கழிந்துதான் முளைக்கும். அதைத் தூக்கிக்கொண்டு போய் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் புதைத்து வைக்கும். ஆக 2, 3 அக்கம்பக்கத்து மரத்திலிருந்து வந்தவையாக இருக்கலாம். வெள்ளை ஓக் தாய்க்குக் கீழேயே அணிலுக்குத் தப்பி முளைத்தது பெரிய விஷயம்.

உரைமருந்து | திருநெல்வேலி | அக்டோபர் 27

இலையில் உருண்டை என்று எழுதியிருந்தீர்களே, அதை யாரும் கவனிக்கவில்லை. அது காய் இல்லை. ஒரு சின்னக் குளவி இலையில் முட்டையிட்டதும், செடி தன் திசுவையே வீங்கவைத்து அந்தப் புழுவைச் சுற்றிக் கட்டும் கூடு.

ஏன் சொல்கிறேன் என்றால், நம் எல்லோருக்கும் பிறந்த சில நாளிலேயே அது நாக்கில் பட்டிருக்கிறது. பிள்ளைக்கு உரை கொடுக்கும்போது வசம்பு, ஜாதிக்காய், கடுக்காயோடு மாசிக்காய் இழைப்போம் இல்லையா? மாசிக்காய் எந்த மரத்திலும் காய்ப்பதில்லை. துருக்கி, ஈரான் பக்கத்து ஓக் மரத்தில் குளவி உண்டாக்கும் உருண்டைதான் அது. நல்ல மாசிக்காயை உடைத்தால் நடுவில் புழு இருந்த குழி தெரியும். துளை போட்டுக் குளவி வெளியே போய்விட்டிருந்தால் துவர்ப்பு குறைவு என்று என் பாட்டி அதை ஒதுக்கிவைப்பார். ஓக்கோடு நமக்குச் சம்பந்தமே இல்லை என்று நினைக்க வேண்டாம்.

கன்றுக்கு அதனால் கெடுதல் இல்லை, விட்டுவிடுங்கள்.

மழைக்குருவி | அக்டோபர் 27

இதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். உரைப்பெட்டியை எடுத்து மாசிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். ஒரு கேள்வி: 1 நிற்பது நடு முற்றத்தில். வேறு இடத்துக்கு மாற்றலாமா?

நிலாச்சோறு | அக்டோபர் 28

முடிந்தால் மாற்றாதீங்க. ஒரு சாண் கன்றுக்குக் கீழே ஆணிவேர் ஒரு அடிக்கு மேல் இறங்கியிருக்கும். அது அறுந்தால் பிழைப்பது கஷ்டம். மாற்றியே ஆக வேண்டும் என்றால் அடுத்த வசந்தத்தில் மொட்டு விரிவதற்கு முன்னால், மண்வெட்டி முழுநீளம் இறங்கும்வரை தோண்டி எடுங்கள். சுற்றிலும் இரும்பு வலை போடுங்கள், இல்லாவிட்டால் முயலும் மானும் ஒரே இரவில் மொட்டையடித்துவிடும்.

பக்கத்தில் பெரிய சிவப்பு ஓக் இருந்தால் ஏப்ரல் நடுவிலிருந்து ஜூலை நடுவரை கிளை வெட்ட விடாதீங்க. இங்கே மிச்சிகனில் ஓக் வாடல் நோய் பெரிய பிரச்சினை. புது வெட்டுக்காயத்து வாசனைக்கு வரும் வண்டு பூஞ்சையைக் கொண்டுவந்துவிடும். சிவப்புக் கூட்டத்து மரம் சில வாரத்திலேயே செத்துவிடும். எங்கள் தெருவில் மூன்று மரம் அப்படிப் போனது.

மழைக்குருவி | மே 4

ஆறு மாதம் கழித்து வருகிறேன். 1 துளிர்த்துவிட்டது! துளிர் பச்சையாக இல்லை. இளஞ்சிவப்பு, மேலே வெள்ளி முடி, பிறந்த குழந்தையின் காது மாதிரி. வீடியோ காலில் அப்பாவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

கெட்ட செய்தி, 3 போய்விட்டது. புல் வெட்ட வந்தவர் குச்சியோடு சேர்த்து வெட்டிவிட்டார்.

பனங்கூடல் | மே 5

கவலைப்படாதீங்கோ. ஹை பார்க்கில் தீயில் கருகியதே திரும்ப வருகிறது. குச்சியைத் திரும்ப நட்டு வையுங்கோ.

மழைக்குருவி | அக்டோபர் 19

பனங்கூடல் சொன்னபடியே ஜூனில் 3 வேரிலிருந்து இரண்டு தண்டாக வந்தது. இலை இந்தத் தடவை பெரிது, மேலே பளபளப்பு, அடியில் நரம்பு பிரியும் இடங்களில் துரு நிற முடி. கறுப்பு ஓக்தானே?

2-ஐப் பற்றி இனிச் சந்தேகம் இல்லை. இரண்டு வீடு தள்ளி பெரிய வடக்குச் சிவப்பு ஓக் நிற்கிறது, தட்டைத் தொப்பி நிறையக் கிடந்தது. 1950 முதல் அதுதான் நியூஜெர்சியின் மாநில மரம் என்று மகள் பள்ளியில் படித்துவிட்டு வந்து சொன்னாள். 5-ஐப் பெரிய மரத்தில் பார்க்க வேண்டும் என்று நியூயார்க் போனபோது செப்டம்பர் 11 நினைவிடத்துக்குப் போனோம். அங்கே நானூறுக்கும் மேல் சதுப்பு வெள்ளை ஓக்தான். ஒரு இலையைப் புரட்டிப் பார்த்தேன், அதே வெல்வெட்.

1 இப்போது முழங்கால் உயரம். போன வருடத்தைவிட இந்த வருடம் நிறம் இன்னும் அடர்த்தி, மேலே மரம் இல்லாமல் வெயில் விழுவதாலோ என்னவோ. இங்கே நியூஜெர்சியில் பாஸ்கிங் ரிட்ஜ் என்ற ஊரின் தேவாலய வளாகத்தில் சுமார் 600 வருடம் நின்ற வெள்ளை ஓக்கை 2017-இல் வெட்ட வேண்டி வந்தபோது, அதன் கொட்டையிலிருந்து வளர்த்த கன்றை அதே வளாகத்தில் நட்டிருக்கிறார்கள். போன வாரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

கொட்டாம்பட்டியான் | அக்டோபர் 19

துரு முடியும் பளபளப்பும் கறுப்பு ஓக் பக்கம்தான் சாய்கிறது. கலப்பாகவும் இருக்கலாம். டிசம்பரில் இலை காய்ந்த பிறகு 3-இன் உச்சி மொட்டைப் படம் எடுத்துப் போடுங்கள், இரண்டாம் வருட மொட்டு பெரிதாக இருக்கும், சொல்லிவிடலாம்.

மழைக்குருவி | அக்டோபர் 20

போடுகிறேன் அண்ணா. 1-இலிருந்து ஒரே ஒரு இலையை எடுத்து, புத்தகத்துக்குள் வைத்துக் காயவைத்து, அப்பாவுக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். குச்சியில் புடவைத் துணி வெளுத்துவிட்டது, புதிதாக ஒன்று அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.